வெளியே வந்தவர்கள் பேசட்டும்

குஜராத் உயர் நீதிமன்றம் 2024 தொடக்கத்தில் ஓர் ஆட்கொணர்வு மனுவை முடித்துவைத்தது. நித்யானந்தாவின் ஆசிரமத்தில் சேர்ந்துவிட்ட மகள்களை மீட்டுத் தரக் கோரி ஒரு தந்தை 2019 நவம்பரில் தொடுத்த வழக்கு அது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. கடைசியில் ஜமைக்காவிலிருந்து காணொளி வழியே பேசிய பெண்கள் இருவரும், எங்கள் விருப்பப்படிதான் இருக்கிறோம் என்றார்கள். இருவரும் வயது வந்தவர்கள், மனு முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றமும் இப்படியொரு மனுவை முடித்துவைத்தது. கோவை ஈஷா யோக மையத்தில் துறவிகளாக இருக்கும் இரு மகள்களுக்காக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, விவகாரம் டெல்லி வரை சென்றது. நாற்பதை ஒட்டிய வயதுள்ள அந்த மகள்களும் விருப்பத்தோடு இருப்பதாகவே சொன்னார்கள். இரண்டு வழக்குகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்றில் குரு, பாலியல் வன்கொடுமை வழக்கில் பிடியாணை பிறப்பிக்கப்பட்டுத் தலைமறைவாக இருப்பவர். மற்றதில் அப்படி எதுவும் இல்லை. சட்டவிரோதக் காவல் என்ற புகாரே நிற்கவில்லை. ஆனால் இரண்டிலும் நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: இன்றைக்கு, இந்த நேரத்தில், நீங்கள் விரும்பித்தான் இருக்கிறீர்களா?

அந்தக் கேள்வியில் தவறில்லை. முப்பது, நாற்பது வயதுப் பெண் காவி உடுத்த நினைத்தால் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் நாட்டில் யாரும் வாழ விரும்ப மாட்டோம். காதல் திருமணம் செய்துகொண்ட மகளை ஆட்கொணர்வு மனு போட்டு இழுத்துவரப் பார்க்கும் அப்பாக்களை இதே கேள்விதான் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் அது ஒரு கணத்தைத் தொடும் கேள்வி. ஆசிரமம் ஒருவரை ஆட்கொள்வதோ ஆண்டுக்கணக்கில் நடப்பது. வார இறுதி வகுப்பில் தொடங்கி, கட்டணம் கூடிய அடுத்த வகுப்புக்கு நகர்ந்து, விடுப்பு எடுத்துத் தொண்டு செய்து, வேலையை விட்டு, பெயரை மாற்றி, வீட்டாரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டு போகும் நெடும்பாதை அது. அதன் முடிவில் நிற்பவரிடம் விருப்பமா என்று கேட்டால் விருப்பம் என்றுதான் பதில் வரும். அது பொய்யாகவும் இருக்காது. அந்த விருப்பம் எப்படி உண்டானது என்று நீதிமன்றம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்தப் பாதையில் போய்த் திரும்பியவர்கள் மட்டுமே. அவர்களைத் தமிழில், நிதானமாக, தொடராகப் பேசவைக்கும் ஒரு பாட்காஸ்ட் வேண்டும், அது திருவண்ணாமலையிலிருந்து வர வேண்டும் என்பதே என் வாதம்.

ஏன் திருவண்ணாமலை? நித்யானந்தா பிறந்து வளர்ந்த ஊர் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உண்டு. ரமணர் 1896 செப்டம்பரில் வந்திறங்கியதிலிருந்து தேடி வருபவர்களை நம்பியே பாதி ஊர் பிழைத்துவருகிறது. சேஷாத்திரி சுவாமிகள், யோகி ராம்சுரத்குமார் என்று மலையடிவாரத்தில் தங்கிப்போன பெயர்கள் ஊருக்குப் பெருமை சேர்த்தன. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டம் ஒரு பக்கம். குளிர்காலத்தில் செங்கம் சாலையில் வாடகை வீடு தேடும் வெளிநாட்டவர் இன்னொரு பக்கம். வேலையில் சலித்தவர், மணவாழ்க்கை முறிந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், இன்னதென்று சொல்லத் தெரியாத ஏக்கத்தோடு வருபவர் எல்லோரும் இங்கே வந்து இறங்குகிறார்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு நல்ல குருவும் கிடைக்கலாம், ஏய்ப்பவனும் கிடைக்கலாம். இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். வந்திறங்கியவர் செவியில் முதல் நாளே விழ வேண்டிய பேச்சு இது.

ஏய்ப்பவரை அடையாளம் காண நாம் எப்படிப் பழகியிருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நித்யானந்தாவை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது குமுதத்தில் வந்த ‘கதவைத் திற, காற்று வரட்டும்’ தொடர். பிறகு 2010 மார்ச் 2 இரவு சன் தொலைக்காட்சி ஒரு படுக்கையறைக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ஏற்றிவிட்டதும் ஊடகம்தான், இறக்கிவிட்டதும் ஊடகம்தான். அந்த இறக்கத்தில் நாம் கற்றுக்கொண்டது என்ன? சாமியாரோடு ஒரு நடிகை என்ற செய்தி மட்டும் மனத்தில் தங்கியது. அதன்பின் முன்னாள் சிஷ்யை ஒருவர் தனக்கு இழைக்கப்பட்டதாகச் சொன்ன வன்கொடுமையும், அதன்மேல் ராமநகர நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் மறந்தே போயின. நித்யானந்தா நாட்டைவிட்டு ஓடி கைலாசா என்று ஒரு தேசத்தை அறிவித்ததும் மீம்கள் குவிந்தன. 2023இல் அமெரிக்காவின் நியூவர்க் நகராட்சி கைலாசாவோடு சகோதர நகர ஒப்பந்தம் போட்டு, ஏமாந்தது தெரிந்து ரத்து செய்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐ.நா. குழுக்கூட்டத்தில் கைலாசாவின் பிரதிநிதி என்று ஒருவர் பேசினார். ஒவ்வொன்றுக்கும் சிரித்தோம். சிரிப்பாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு அபத்தமான ஒன்றில் போய் விழுந்தவர்கள் முட்டாள்களாகத்தான் இருப்பார்கள் என்ற எண்ணத்தையும் அந்தச் சிரிப்பு சேர்த்தே விதைத்தது. விழுந்தவர்களில் பொறியாளர்கள் உண்டு, மருத்துவர்கள் உண்டு. வெளியே வந்த பிறகு அவர்கள் வாய் திறக்கத் தயங்குவதற்கு முதல் காரணம் குருவிடம் உள்ள பயம் என்று நினைக்கிறோம். ஊர் சிரிக்குமே என்ற பயம் அதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

ஆகவேதான் ஒலி வேண்டும் என்கிறேன். காட்சி ஊடகம் இந்த விஷயத்தை எப்போதும் படுக்கையறைக்கே இழுத்துப் போகும். யூடியூப் பேட்டி என்றால் நெறியாளர் பாதி நேரம் தானே பேசுவார். முகப்புப் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு அம்புக்குறி வைப்பார்கள். ஒலியில் அதற்கு இடமில்லை. பேசுபவர் யார், அழகா, என்ன உடுத்தியிருக்கிறார் என்ற கேள்விகள் எழாது. ஒரு மணி நேரம் ஒருவர் தன் போக்கில் ஒரு நாளை மட்டும் விவரிக்க முடியும்: விடியுமுன் எப்போது எழுப்பினார்கள், எப்போது தூங்கவிட்டார்கள், கைபேசி யாரிடம் இருந்தது, அம்மாவின் போன் வந்தால் யார் எடுத்தார்கள், சம்பளப் பணம் எந்தக் கணக்குக்குப் போனது. விறுவிறுப்பில்லாத இந்த விவரங்களில்தான் விஷயமே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 2010 வழக்கையொட்டி, நித்யானந்தா ஆசிரமத்தில் சேர்பவர்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டதாகக் கூறப்பட்ட ஓர் ஒப்பந்தம் பத்திரிகைகளில் வெளியானது. ரகசியம் காப்பதாக உறுதி கூறும் ஆங்கிலப் பத்திரம் அது. தாந்த்ரிகப் பயிற்சியில் உடல் நெருக்கமும் நிர்வாணமும் இடம்பெறக்கூடும், அறிந்தே விரும்பி ஏற்கிறேன், பின்னால் எந்தப் புகாருக்கும் குருவோ ஆசிரமமோ பொறுப்பாக மாட்டார்கள் என்ற பொருளில் ஷரத்துகள் அதில் இருந்தன. செய்தித்தாளில் படித்தவர்களுக்கு அது இன்னொரு கிளுகிளுப்பு. ஆனால் அந்தத் தாள் நீட்டப்படும் அறையை நினைத்துப் பாருங்கள். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் வீடு வாங்கும்போதுகூட நாலு பேரிடம் காட்டுகிற ஆள், அங்கே படிக்காமலே போடுகிறார் என்றால் அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் ஏதோ நடந்திருக்கிறது. படித்துப் பார்க்கலாமா என்று கேட்பதே குருமேல் சந்தேகம் என்று ஆகியிருக்கிறது. பேனாவைக் கையில் எடுத்த அந்த நிமிடத்தில் என்ன நினைத்தீர்கள் என்ற ஒரு கேள்வியை நிதானமாகக் கேட்டுப் பதிலைப் பதிவுசெய்தால், அதைக் கேட்கும் ஒரு பெண் தன் முன்னால் நீட்டப்படும் தாளை இரண்டு முறை படிப்பாள்.

வெறும் பேச்சால் என்ன ஆகிவிடும் என்பவர்கள் விராலிமலையை நினைவுபடுத்திக்கொள்ளலாம். இலங்கையின் மாத்தளையிலிருந்து வந்து அதன் அருகே ஆசிரமம் அமைத்த பிரேமானந்தாவிடம் ஆதரவற்ற சிறுமிகள் வளர்ந்தார்கள். போரில் பெற்றோரை இழந்த அகதிக் குழந்தைகள் பலர். 1994இல் அங்கிருந்து தப்பிய சிறுமிகள் வாய் திறந்ததால்தான் வழக்கே பிறந்தது. அவர்களுக்குப் பணமில்லை, உறவில்லை, பலருக்கு இந்த நாட்டுக் குடியுரிமைகூட இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ராம் ஜேத்மலானி. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மரபணுச் சோதனை துணைநின்றது உண்மை. ஆனால் அந்தச் சோதனையை எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டியது சிறுமிகளின் வாக்குமூலம். உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பை உறுதிசெய்தது. ஹரியாணாவின் சிர்ஸாவில் இன்னொரு வழக்கு இன்னும் மெலிந்த குரலில் தொடங்கியது. தேரா சச்சா சௌதாவின் பெண் துறவி ஒருவர் 2002இல் பிரதமர் வாஜ்பாயிக்குப் பெயரில்லாமல் ஒரு கடிதம் எழுதினார். ‘பூரா சச்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் அதை வெளியிட்ட ராம் சந்தர் சத்ரபதி சில மாதங்களில் சுடப்பட்டு இறந்தார். கடிதம் மட்டும் சாகவில்லை. 2017இல் தேராவின் தலைவர் குர்மீத் ராம் ரஹீமுக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் ஆனதையும், ஒரு பத்திரிகையாளரின் உயிர் போனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்காஸ்ட் நடத்த முன்வருபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்பது உடனே வரும் எதிர்க்கேள்வி. இதற்கும் திருவண்ணாமலை வழியாகப் போன ஒரு பதில் உண்டு. ஆஸ்திரேலியப் பெண் கெயில் டிரெட்வெல் இருபது வயதை ஒட்டி இங்கே வந்து தங்கியவர். இங்கிருந்துதான் கேரளத்தின் வள்ளிக்காவுக்குப் போய் மாதா அமிர்தானந்தமயியின் முதல் வெளிநாட்டுச் சிஷ்யைகளில் ஒருவரானார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அருகிலேயே இருந்து பணிவிடை செய்து, 1999இல் விலகினார். தன் அனுபவம் என்று அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது 2013இல். அதில் அவர் சொன்ன எல்லாவற்றையும் மடம் மறுத்தது. எது மெய் என்று தீர்ப்பது இங்கே நோக்கமில்லை. விலகலுக்கும் புத்தகத்துக்கும் நடுவே உள்ள பதினான்கு ஆண்டுகளைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இளமை முழுவதையும் ஓரிடத்தில் கொடுத்துவிட்டு வெளியே வருபவருக்குக் கையில் தொழில் இருக்காது, வங்கிக் கணக்கில் பணம் இருக்காது, நண்பர்கள் அனைவரும் உள்ளேயே இருப்பார்கள். முதலில் வாடகைக்கு வழி பார்க்க வேண்டும். தான் நம்பியது தவறு என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்வதற்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும். தாமதத்தைப் பொய்யின் அடையாளமாக எடுத்துக்கொள்பவர்கள், மறுநாளே பேசியிருந்தால் ஆத்திரத்தில் பேசுகிறார் என்றிருப்பார்கள்.

அதற்காக விலகி வந்தவர் சொல்வதெல்லாம் வேதம் ஆகிவிடாது. சமயச் சமூகவியல் அறிஞர் பிரையன் வில்சன், ஓர் இயக்கத்தைவிட்டு வெளியேறியவர்களின் கதைகளை அப்படியே நம்பக் கூடாது என்று வாதிட்டவர். தன் பழைய ஈடுபாட்டை நியாயப்படுத்திக்கொள்ள அவர்கள் கடந்ததைக் கறுப்பாக்கிச் சொல்லக்கூடும் என்பது அவர் கருத்து. அதில் உண்மை இருக்கிறது என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. ரமணாசிரமத்தை ஒருகாலத்தில் நிர்வகித்த பெருமாள்சாமி, பொறுப்பு கைமாறியதும் பகைகொண்டு, 1930களில் ஆசிரமத்துக்கு உரிமை கேட்டு வழக்குப் போட்டார், ரமணரை இழிவுபடுத்தி ஒரு புத்தகமும் அச்சிட்டார். வழக்கு தோற்றது, புத்தகத்தை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தப் புத்தகத்தை ஆசிரம வாசலிலேயே விற்பனைக்கு வைக்கலாமே என்று ரமணர் சொன்னதாக அடியார்கள் வழியே ஒரு செய்தி உண்டு. முன்னாள் சீடர் பொய் சொல்லக்கூடும் என்பதற்கு இது உதாரணம். அப்படிச் சொன்னாலும் ஒளிக்க ஏதுமில்லாதவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கும் இதுவே உதாரணம். வக்கீல் நோட்டீஸ், அடியாள், பெயர்கெட்டவர் என்ற பட்டம் என்று இறங்கும் இடங்களை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கேட்பவர் வேலை.

நடத்துபவருக்கும் வேலை இருக்கிறது. பேசுபவரின் கதையை ரயில் டிக்கெட், நன்கொடை ரசீது, வங்கிக் கணக்கு, அப்போது உடனிருந்தவரின் சொல் ஆகியவற்றோடு ஒத்துப்பார்க்காமல் ஒரு பகுதியும் வெளியாகக் கூடாது. ஆசிரமத்தின் பதிலைக் கேட்டு, கிடைத்தால் வெட்டாமல் சேர்க்க வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஈஷா பற்றிய ஒரு யூடியூப் காணொளியை நீக்க இடைக்கால உத்தரவிட்டபோது, சரிபார்க்காத தகவலை வைத்துச் செய்தது என்பதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. இதைக் கருத்துரிமைக்கு விழுந்த அடி என்று மட்டும் பார்ப்பவர்கள் பாடத்தைத் தவறவிடுகிறார்கள். பிபிசி 2024 ஜனவரியில் நைஜீரியப் போதகர் டி.பி. ஜோஷுவா பற்றிய புலனாய்வை ஆவணப்படமாகவும் பாட்காஸ்டாகவும் வெளியிட்டது. அதற்குப் பின்னால் இரண்டு ஆண்டு உழைப்பும், பல நாடுகளில் உள்ள இருபத்தைந்துக்கும் மேற்பட்ட முன்னாள் சீடர்களின் சாட்சியமும் இருந்தன. ஒருவர் சொல்வதை அவரை அறியாத இன்னொருவரும் சொல்லும்போதுதான் கதைக்கு எலும்பு வருகிறது. அது கிறிஸ்தவச் சபை பற்றியது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். இந்து சமயத்தை மட்டும் குறிவைக்கிறார்கள் என்ற புகார் எப்படியும் வரும். அதற்குப் பதில் எல்லா மதத்திலிருந்தும் வெளியேறியவர்களை அழைப்பதுதான். மதமே இல்லாத இடத்திலிருந்தும் அழைக்க வேண்டும். ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி என்று சொல்லிக்கொண்ட அமெரிக்காவின் நெக்ஸியம் அமைப்பில் சாமியும் இல்லை, காவியும் இல்லை; அதன் தலைவர் கீத் ரனியேருக்கு 2020இல் 120 ஆண்டு சிறை கிடைத்தது.

அந்த அமைப்பிலிருந்து வெளிவந்த சாரா எட்மண்ட்சன் தன் கணவரோடு சேர்ந்து 2021 முதல் நடத்தும் பாட்காஸ்ட் இந்த வகையில் பலருக்கு முன்மாதிரி. பட்டவரே கேள்வி கேட்கும்போது பட்டவர் கூச்சமின்றிப் பேசுகிறார் என்பது அதன் பலம். வாராவாரம் ஒரு கதை வேண்டும், நடுவே விளம்பரம் வேண்டும் என்ற கட்டாயம் அதன் பலவீனம். துயரத்துக்கு அட்டவணை போட்டால் சீக்கிரமே அதிர்ச்சி கூடிய கதைக்கு முதலிடம் கிடைக்கும். தமிழில் செய்பவர்கள் இதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆறு பகுதிகள் வந்தாலும் போதும்.

பேசுபவருக்கு வரக்கூடிய கேடுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வயது வந்தவர் எழுத்துப்பூர்வமாக இசைந்தால் விலக்கு உண்டு. குழந்தைப் பருவத்தில் நடந்ததென்றால் போக்சோவின் 23ஆவது பிரிவும் குறுக்கிடும். முகம் இல்லாவிட்டாலும் குரல் அடையாளம்தான். தஞ்சாவூர்ப் பேச்சும் நாகர்கோவில் பேச்சும் ஊரார் காதுக்கு உடனே தெரியும். ஆகவே குரலை மாற்றுவதோடு நிற்காமல், தேவைப்பட்டால் வேறொருவரை வைத்து வாசிக்கச் செய்ய வேண்டும். இன்னொரு கண்ணியை ஆர்வலர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வழக்கு நடந்துகொண்டிருப்பவர் பாட்காஸ்டில் சொன்னதற்கும் சாட்சிக்கூண்டில் சொல்வதற்கும் ஒரு தேதி முன்பின்னாக இருந்தால் போதும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பதிவைக் கொண்டே சாட்சியத்தை உடைக்கப் பார்ப்பார். சாட்சியம் முடியும்வரை அப்படிப்பட்டவரைப் பேச அழைக்கக் கூடாது, அவரே ஆசைப்பட்டாலும். பதிவு முடிந்த பிறகும் வெளியாகும் நாள்வரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை பேசியவருக்கு இருக்க வேண்டும். மேலே சொன்ன ஒப்பந்தத்தில் இல்லாத ஷரத்து அது.

ஊரின் பிழைப்புக்கு இது கெடுதல் என்று விடுதிக்காரர்கள் வருத்தப்படலாம். ஆனால் சிஷ்யர்களுக்கு முன்பே விவரம் தெரிந்துகொள்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். ஆட்டோக்காரருக்கு எந்த வெளிநாட்டுப் பெண் எந்த வாசலில் அழுதுகொண்டே ஏறினார் என்று தெரியும். பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கு எந்த அறை வெளிப்பக்கம் பூட்டப்படுகிறது என்று தெரியும். நித்யானந்தா விவகாரம் வெடித்ததே அவரிடம் ஓட்டுநராக இருந்த லெனின் கருப்பன் வாய் திறந்ததால்தான். இவர்களிடம் யாரும் மைக்கை நீட்டியதில்லை. பட்டவர் ஆங்கிலத்தில் பேசினால் செய்தி, பார்த்தவர் தமிழில் பேசினால் வம்பு என்ற பாகுபாடு நம்மிடம் இருக்கிறது. தமிழில் ஒரு தொடர் என்று நான் சொல்வதில் இவர்களும் அடக்கம். ஒரு பகுதி பட்டவருக்கு என்றால் அடுத்த பகுதி பார்த்தவருக்கு. ஆட்டோக்காரரின் கூற்றையும் ரசீதோடும் தேதியோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். வேலை போகும் என்று அவர் அஞ்சினால் அவர் குரலையும் மாற்ற வேண்டும்.